துப்பாக்கிக் கடை வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

கரிசல்காடு:
அக்கா மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன், வயது 21, சான் அன்டோனியோவில் கல்லூரியில் படிக்கிறான். வார இறுதி வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட பூட்ஸ், கூடாரம், தண்ணீர் கேன், தோட்டாப் பெட்டி எல்லாம் ஒரு பக்கம், துப்பாக்கி இன்னொரு பக்கம் என்று ஒரே கடையாம். அக்கா சுத்தமாக வேண்டாம் என்கிறாள். அத்தானோ 'அந்த ஊரில் அது மளிகைக் கடை மாதிரிதான், சும்மா பயப்படாதே' என்கிறார். பஞ்சாயத்து என்னிடம் வந்திருக்கிறது. நான் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன தீர்ப்புச் சொல்வது? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிற ஊர் இது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

டெக்சாஸ் மச்சான்:
தாராளமாகப் போகட்டும். ஐடி வேலை போன காலத்தில் நானே இந்த மாதிரி ஒரு கடையின் கவுன்டரில் நின்றிருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் அங்கே வீரம் எதுவும் கிடையாது, பாதி நாள் காகித வேலைதான். வாங்க வருபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை, அதற்குப் பின் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் வரவு செலவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஆய்வாளர் வந்து புத்தகத்தைப் புரட்டும்போது அலமாரியில் ஒன்று குறைந்தாலும் முதலாளிக்கு வியர்த்துவிடும், லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது.

சர்ப்ளஸ், அதாவது ராணுவம் கழித்துவிட்ட சாமான் பக்கம், இன்னும் சுவாரசியம். பழைய ரஷ்ய மோசின் நாகான்ட் ரைபிள் எல்லாம் மரப்பெட்டியில் கெட்டி கிரீஸ் அப்பி வரும், அதைத் துடைத்து எடுப்பதற்குள் இரண்டு சட்டை வீணாகிவிடும். ஒரு காலத்தில் நூறு டாலருக்குக் கீழே விற்றது, இன்று பல மடங்கு. வாங்கிப்போகிறவர்களிடம் 'பழைய தோட்டாவைச் சுட்டால் பேரலில் உப்பு படியும், சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவு, இல்லாவிட்டால் பேரல் துருப்பிடித்துவிடும்' என்று சொல்லிக்கொடுப்போம். சரித்திரம் தெரிந்த கிழவர்கள் வந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். பையன் நாலு விஷயம் கற்றுக்கொள்வான்.

நெல்லைக்காரி:
மச்சான் கிரீஸ் கதையோடு நிறுத்திக்கொண்டார். நான் ஒஹாயோவில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அந்தப் பெட்டியிலிருந்து கழுவித் துடைத்து எடுத்தது கடைசியில் எங்கே போகிறது என்பதை நான் பார்க்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, இது செய்தியில் பெரிதாக வராது. மளிகைக் கடையில் பருப்பு வாங்கிப்போனவரைப் பற்றி யாரும் இரவில் கவலைப்பட வேண்டியதில்லை. 21 வயதுப் பையன், சனிக்கிழமை சாயங்காலம், எதிரே நிற்பவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறதா?

பழையபேப்பர்:
சர்ப்ளஸ் என்றாலே பூட்ஸும் போர்வையும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த வியாபாரத்தின் கதை தெரிந்தால் இந்த விவாதமே வேறு மாதிரி போகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பியக் கிடங்குகளில் துப்பாக்கிகள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. சாம் கம்மிங்ஸ் என்று ஒரு ஆள், முன்பு சி.ஐ.ஏ.வில் இருந்தவர், 1950களில் அவற்றை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்து வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரைக் கிடங்குகளில் அடுக்கினார். கடைசியில் மொனாக்கோவில் குடியேறும் அளவுக்குச் சம்பாதித்தார்.

அவர் ஒருவர்தான் என்றில்லை. அந்தக் காலத்தில் பத்திரிகை விளம்பரத்திலிருந்து கூப்பனை வெட்டி மணியார்டரோடு அனுப்பினால் ரைபிள் வீட்டு வாசலுக்குத் தபாலில் வரும். 1963 மார்ச்சில் ஏ. ஹிடல் என்ற பொய்ப் பெயரில் சிகாகோவிலுள்ள கிளெய்ன்ஸ் கடைக்கு ஒரு ஆர்டர் போனது. இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட கார்கானோ ரைபிள், மேலே தொலைநோக்கியும் பொருத்தி 19.95 டாலர், தபால் செலவு 1.50. அந்த ஆர்டரை அனுப்பியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட், பின்னால் அதிபர் ஜான் கென்னடியைச் சுட்டவர். மிச்சம் எல்லோருக்கும் தெரியும். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகுதான் தபால் விற்பனைக்கும் வெளிநாட்டு ராணுவ சர்ப்ளஸ் துப்பாக்கி இறக்குமதிக்கும் பூட்டுப் போட்டார்கள். அந்த இறக்குமதிக் கதவை 1984-இல் பழம்பொருள் சேகரிப்பு என்ற பெயரில் பாதி திறந்துவிட்டார்கள், மச்சான் துடைத்த மோசின் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான்.

டெக்சாஸ் மச்சான்:
பேப்பர் அண்ணன் என் கட்சிக்கே பாயின்ட் எடுத்துக்கொடுத்துவிட்டார். கூப்பனுக்குக் கண் கிடையாது, கவுன்டரில் நிற்பவனுக்கு உண்டு. 1968 சட்டம் முகம் பார்த்து விற்கச் சொன்னது, அந்த முகம் பார்க்கிற வேலைதான் இது.

ஒன்று சொல்கிறேன். ஒரு ஜோடி வந்தார்கள். ஆள் இரண்டு மூன்று கைத்துப்பாக்கியை எடுத்துப் பார்த்து ஒன்றைக் காட்டி 'இது' என்றான். படிவத்தை நிரப்பப் பேனாவை எடுத்தது அந்தப் பெண். 'உங்களுக்கு இது ஏன் பிடித்தது, கைக்குச் சரியாக இருக்கிறதா?' என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டேன், இன்றைக்கு விற்க முடியாது என்று மட்டும் சொன்னேன். நம் ஊர் பாஷையில் இது பினாமி வாங்குதல். உண்மையிலேயே வாங்குவது நீங்கள்தானா என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள், அதற்குப் பொய் சொன்னால் கூட்டாட்சிக் குற்றம். 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் ஒரு முன்னாள் போலீஸ்காரர் தன் மாமாவுக்காக, மாமாவின் பணத்தில், ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கிக்கொடுத்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இருந்தது, இருந்தும் அது குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாமே காசு போட்டு அன்பளிப்பாகக் கொடுத்தால் அது வேறு. 2022-க்குப் பிறகு பினாமிக்கு 15 வருடம் வரை சிறை என்று தனிச் சட்டமே இருக்கிறது.

நெல்லைக்காரி:
நீங்கள் பெட்டியை மூடினீர்கள், சரி. அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், டெக்சாஸில் ஒரு தனி ஆள் அதே மாநிலத்துக்காரருக்குத் தன்னிடம் இருப்பதை விற்கப் பின்னணிச் சோதனையே தேவையில்லை. முகம் பார்க்கிற வேலையாம்.

அந்தச் சோதனையும் என்ன சோதனை? எஃப்.பி.ஐ. பதில் சொல்லத் தாமதமானால் மூன்று வேலை நாள் கழித்துக் கடை கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்த 9 பேரைச் சுட்டவன் அப்படித்தான் வாங்கினான். சோதனை ஒழுங்காக முடிந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கவே கூடாது. விற்றவர் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. என் பிள்ளை அந்த 'சட்டப்படி தப்பு இல்லை' என்ற இடத்தில் நிற்பதை நான் விரும்பமாட்டேன், அவ்வளவுதான்.

சும்மாவந்தவன்:
கத்தி விற்பவன் கொலைகாரனா? கார் விற்பவன் விபத்துக்குப் பொறுப்பா? 😂

நெல்லைக்காரி:
இந்த வரியை இதுவரை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள் என்று தெரியுமா தம்பி? கத்தி விற்பவனுக்கு மறுக்கும் பொறுப்பைச் சட்டம் கொடுக்கவில்லை. துப்பாக்கி விற்பவனுக்குக் கொடுத்திருக்கிறது.

ஸ்காபரோ அண்ணை:
நான் கனடாவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். ஆயுதம் யாருக்கென்று செய்யப்பட்டதோ அவரிடமே போய்ச் சேரும் என்று யாராவது கதைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 1997-இல் இலங்கை ராணுவம் சிம்பாப்வேயில் வாங்கிய மோட்டார் குண்டுகள் கப்பலோடு மாறி மற்றப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அரசுகளுக்கு இடையிலான வியாபாரத்திலேயே அந்த நிலை.

ஆனால் கடையில் நிற்கும் பொடியனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனமில்லை. இங்கே முதல் தடவை லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேற வேண்டும், விண்ணப்பித்த பிறகு குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் இங்கே கவுன்டரில் நிற்பவர் அந்த முடிவைத் தனியாகச் சுமப்பதில்லை. தங்கச்சி சொல்லும் அந்தச் சனிக்கிழமை மாலை இங்கே அவ்வளவு சுலபமாக நடக்காது. இதெல்லாம் பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலை, அதை மணிக்கூலிக்கு நிற்கும் ஒரு மாணவனின் தலையில் கட்டுவதுதான் உங்கள் ஊரின் பிழை.

டெக்சாஸ் மச்சான்:
அண்ணை சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாராளுமன்றம் வரும்வரை சும்மா இருக்க முடியாதே. நெல்லை அக்கா கேட்ட தற்கொலைக் கேள்விக்கு நியூ ஹாம்ப்ஷயரில் கடைக்காரர்களே ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். 2009-இல் ஒரே வாரத்துக்குள், ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்துக்குள் இறந்துபோனார்கள். அதன் பிறகு கடைக்காரர்களும் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து விற்பனையாளர்களுக்கு ஒரு கையேடு போட்டார்கள். எந்த மாடல் என்று கவலைப்படாமல் ஏதோ ஒன்றைக் கேட்பவர், பராமரிப்பு பற்றியோ பாதுகாப்பு பற்றியோ ஒரு கேள்விகூடக் கேட்காதவர், முகம் வாடி வந்து விவாகரத்து, வேலை போனது என்று வாய்விட்டுச் சொல்பவர், இவர்களிடம் பேச்சுக் கொடு, சந்தேகம் இருந்தால் விற்காதே. உதவி எண்ணோடு சுவரொட்டியும் ஒட்டினார்கள். அப்புறம் பல மாநிலங்களில் இதைப் பின்பற்றினார்கள். துப்பாக்கியை வெறுக்கிறவர் எழுதியிருந்தால் அந்தச் சுவரொட்டியை எந்தக் கடையும் ஒட்டியிருக்காது.

நெல்லைக்காரி:
இது நல்ல வேலை, மறுக்கவில்லை. எங்கள் மருத்துவமனையிலும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்தக் கையேடு எந்தக் கடைக்கும் கட்டாயமில்லையே. விற்காதே என்று அதில் எழுதியிருக்கும், விற்றால்தான் கடை ஓடும். 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொன்ன பையனை முதலாளி தட்டிக்கொடுப்பாரா, அடுத்த வாரம் வராதே என்பாரா?

டெக்சாஸ் மச்சான்:
ஒழுங்கான முதலாளி தட்டிக்கொடுப்பார், லைசென்ஸ் போனால் போவது அவருக்குத்தான். இன்னொன்று, உங்கள் எல்லோருக்கும்: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கிடைத்த மாப்பிள்ளை என்றால் நம் ஆட்கள் ஜாதகத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஆவடியில் டாங்கி செய்பவருக்கும் அருவங்காட்டில் வெடிமருந்து செய்பவருக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. செய்பவனுக்கு மாலை, விற்பவனுக்கு மட்டும் ஏச்சா?

பழையபேப்பர்:
அது வேறு கணக்கு மச்சான். திருச்சியில் செய்த இன்சாஸ் ரைபிள் ஒரு ஜவானின் கைக்குப் போகிறது, முகாம் ஆயுதக் கிடங்கில் கையெழுத்துப் போட்டு எடுத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைக்கிறார். ஏதாவது ஒரு ராணுவம் 'இது இனி வேண்டாம்' என்று கழித்துவிட்ட பிறகுதான் சர்ப்ளஸ் வியாபாரமே ஆரம்பிக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் அடித்த பிறகும் அந்த ரைபிள் இன்னும் நூறு வருடம் சுடும். மரமும் இரும்பும்தானே, எண்ணெய் போட்டு வைத்தால் கெடாது.

கரிசல்காடு:
எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் படித்துக் காட்டினேன், நெல்லைக்காரி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கடை முதலாளியிடம் கேட்கச் சொல்லிப் பையனிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சோதனை பதில் வராமல் மூன்று நாள் ஆகிவிட்டால் கொடுப்பீர்களா, காத்திருப்பீர்களா? விற்க மறுத்தால் நீங்கள் என் பக்கம் நிற்பீர்களா? அந்த நியூ ஹாம்ப்ஷயர் கையேடு கடையில் இருக்கிறதா? பதிலைப் பொறுத்து முடிவெடுக்கலாம். அதுவரை பூட்ஸ், கூடாரம் இருக்கிற பக்கம் மட்டும் நிற்கட்டும் என்று அத்தான் சொல்கிறார்.

டெக்சாஸ் மச்சான்:
முதல் கேள்வி ரொம்பச் சரி. வால்மார்ட்டே பச்சைக்கொடி வராமல் விற்பதில்லை, சின்னக் கடைக்காரர் அதைச் செய்ய முடியாது என்றால் அங்கே சேர வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் பூட்ஸ் பக்கம் மட்டும் நிற்பது நடக்காது, சனிக்கிழமை கூட்டத்தில் எல்லாப் பக்கமும் ஓட வேண்டியிருக்கும்.

நெல்லைக்காரி:
அந்த மூன்று கேள்விக்கும் முதலாளி வாயால் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். போன மாதம் எத்தனை பேரிடம் விற்க மறுத்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.