புதுப்பிப்பு: முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிய உண்ணி, 30 நாள் கழித்து

போன மாதம் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருக்கிறது, எண்ணெய் தடவலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு நன்றி. எண்ணெயும் தீக்குச்சிச் சூடும் உண்ணியைச் சீண்டி, எச்சிலைக் காயத்துக்குள்ளேயே கக்க வைக்கலாமாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன். முழுசாக வந்துவிட்டது.

உண்ணி பரப்பும் பாக்டீரியா நோயான லைம் நோயின் செந்தடிப்பு 3 முதல் 30 நாளுக்குள் தோன்றி, நாளுக்கு நாள் விரியும். எனக்கு இருந்தது இரண்டு நாள் எரிச்சல் மட்டும். தடிப்பு எல்லோருக்கும் வராது என்பதால் காய்ச்சலையும் கவனித்தேன், அதுவும் இல்லை. லைம் கிருமி பரவ உண்ணி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். என்னுடையது அன்று காலை நடையில் ஏறியது. (உண்ணி பரப்பும் எல்லா நோய்க்கும் இந்தக் கணக்கு செல்லாது. போவாசன் வைரஸ் 15 நிமிடத்திலேயே பரவக்கூடும்.)

மாட்டிக்கொண்டது என் நாய்தான். சோர்வு, காய்ச்சல், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா, அதுவும் உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியாதான். மருத்துவர் 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னார். இன்று 12ஆவது நாள். நேற்றிலிருந்து தட்டைக் காலி செய்கிறான். தினமும் அவன் காது மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறேன், அப்புறம் என் முழங்காலையும்.