மண்டபம் கரையில் மாடல் விமானம்: உப்புக்காற்றோடு பழகிய அனுபவம்

பிளாஸ்டிக் மாடல் விமானங்களை ஒட்டி வண்ணம் பூசுவது குறித்து நமக்குக் கிடைக்கும் காணொளிகளும் கையேடுகளும் பெரும்பாலும் குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த ஊர்களில் இருப்பவர்கள் உருவாக்கியவை. அவற்றில் சொல்லப்படும் காயும் நேரமும் பூச்சு முறையும் மண்டபத்திலோ பாம்பனிலோ அப்படியே ஒத்துவருவதில்லை. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்றிருக்கும் இந்த நிலத்தில் ஆனி ஆடியில் கச்சான் காற்றும் மார்கழியில் வாடைக்காற்றும் மாறி மாறி வீசி, ஈரத்தையும் உப்பையும் பொடிமணலையும் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. மாடல் கட்டுவதில் எனக்குப் பயன்பட்ட பாடங்களில் பாதி, படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்களிடமும் வலைச்சாமான் கடைக்காரர்களிடமும் கிடைத்தவை என்பதால் அவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதலில் எதை வாங்குவது என்ற கேள்வி. இராமேசுவரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் என்னைத் தேடி வந்தபோது, தமக்கு ஹெலிகாப்டர்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருப்பதால், இந்தக் கரையில் வளர்கிற பிள்ளைகள் போர்விமானத்தைவிட ஹெலிகாப்டரைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். ஆசையும் அதன்மீதே எழுவது இயல்பு. ஆயினும் தொடக்கத்திலேயே அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிரான்சின் அலூவெட் 3 வடிவமைப்பை உரிமம் பெற்று எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் தயாரித்த சேத்தக் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டால், முன்பகுதி முழுவதும் கண்ணாடி, சுழலிறக்கைகள் மெல்லியவை. கண்ணாடிப் பாகத்தில் பசை ஒரு துளி வழிந்தாலும் மறைக்க வழியில்லை.

அந்த மாணவருக்கு நான் பரிந்துரைத்தது 1/72 அளவிலான மிக்-21. இந்திய விமானப்படையில் 1963 முதல் 2025 செப்டம்பர் வரை பணியாற்றிய விமானம் அது. 1/72 என்றால் உண்மையான விமானத்தின் ஆறு அடி, மாடலில் ஓர் அங்குலமாகச் சுருங்கும்; 7.15 மீட்டர் இறக்கை வீச்சு கொண்ட மிக்-21 நம் மேசையில் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். குழல் போன்ற உடல், முக்கோண இறக்கை, சிறிய காக்பிட் மூடி என்று பாகங்கள் எளியவை. வெள்ளி நிறத்தில் பூச மட்டும் அவசரப்பட வேண்டாம்; வெள்ளிப் பூச்சு அடியிலுள்ள கீறல் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும், சாம்பல் நிறம் பெருமளவு மன்னித்துவிடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்கக் கூர்மையான நிப்பர் ஒன்று, மெல்லிய கத்தி, 400 முதல் 1000 வரையிலான உப்புத்தாள், வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப், இரண்டு மூன்று நல்ல பிரஷ்கள் ஆகியவை போதும். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரசரும் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் எல்லா எண்ணிலும் கிடைக்கிறது. ஆனால் அதே கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் கொடுப்பார்கள், அது பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வண்ணத்துக்கு உரிய தின்னரையே வாங்க வேண்டும்.

ஒட்டும் வேலையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: மாடல்களுக்கான பிளாஸ்டிக் சிமென்ட் வெறும் பசையன்று, அது இரு பாகங்களின் விளிம்பையும் சிறிது இளக்கி ஒன்றாக்கும் கரைப்பான். நீர்த்த சிமென்ட்டை, சேர்த்துப் பிடித்த இணைப்பின்மேல் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், அது தானாகவே இடுக்குக்குள் ஓடிவிடும். பிறகு மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் நூல்போல் இணைப்பின் மேலே பிதுங்கி வரும். அதைத் துடைக்காமல் ஒருநாள் விட்டு, இறுகியபின் சீவித் தேய்த்தால் பட்டி பார்க்கும் வேலை பாதியாகக் குறையும். காக்பிட் மூடிக்கு இந்தச் சிமென்ட்டும் ஆகாது, ஃபெவிக்விக் வகைப் பசையும் ஆகாது. அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். காய்ந்தபின் நிறமற்றுப்போகும் ஃபெவிக்காலே அங்கு ஏற்றது.

மூன்று சக்கரங்களில் முன்சக்கரம் மூக்கின் கீழ் இருக்கும் விமானங்கள் பலவற்றில், மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் மாடல் வால் தரையில் படும்படி சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை கிராம் வேண்டும் என்பது பெட்டியிலுள்ள செய்முறைத் தாளில் இருக்கும். மிக்-21இல் காற்று நுழைவாயிலின் நடுவிலுள்ள கூம்புக்குள்ளும் அதன் பின்னாலும் அதற்கு இடமுண்டு. நம் ஊரில் இதற்காக அலைய வேண்டியதே இல்லை. தூண்டிலுக்கும் வலைக்கும் கட்டுகிற சிறு ஈயக்குண்டுகள் தங்கச்சிமடத்தில் எந்த வலைச்சாமான் கடையிலும் கிடைக்கும். இராமநாதபுரத்தில் வங்கி வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் அந்தக் குண்டுகளைக் கைக்கெட்டிய ஃபெவிக்காலைக் கொட்டி ஒட்டிவிட்டார். ஓராண்டு கடப்பதற்குள் மாடலின் மூக்கு, இணைப்புக்கோட்டின் வழியே வாய்பிளந்தது. உள்ளே பார்த்தால் குண்டுகள் வெள்ளை பூத்து ஊதியிருந்தன. அவ்வகை வெள்ளைப் பசை வெளியிடும் அசெட்டிக் அமிலமும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் ஈயத்தோடு வினைபுரிந்தால், பருமன் கூடிய வெள்ளைப் பொடி உண்டாகும். எனவே ஈயத்தை எபாக்சியில், அதாவது இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் பசையில், புதைத்துவிடுவதே பாதுகாப்பானது. ஈயம் நஞ்சு என்பதால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்த்துத் தூளாக்கவே கூடாது.

இனி வண்ணம். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முதியவர் ஒருவர், என் கையிலிருந்த மிக்-21இன் இறக்கையை வாங்கி விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல உப்பு ஏறி நிக்கிது தம்பி, இதுக்கு மேல எதப் பூசுனாலும் ஒட்டாது" என்றார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் சன்னலோரத்தில் சில நாள் கிடந்த பிளாஸ்டிக்கில் மெல்லிய பிசுபிசுப்பு இருக்கத்தான் செய்தது. மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிந்துவரும் குறைக்கு இந்தக் கரையில் முதல் காரணம் இதுதான் என்று பின்னர் புரிந்தது. வண்ணத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சான பிரைமரைப் பூசும் அன்றே பாகங்களைச் சோப்பு கலந்த நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கைபடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது பூசலாம் என்று கேட்டதற்கு, "காத்து விழுகட்டும், அப்புறம் அடிங்க, இல்லேன்னா மணலும் சேந்து ஒட்டிக்கிரும்" என்றார். ஒரே தடிப்பாகப் பூசாமல், மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைக் குறுக்குவாட்டில் இழுக்கும் பழக்கத்தையும் அவரிடமே கற்றேன்.

காற்று விழுந்த, அதாவது தணிந்த, நேரமெல்லாம் நல்ல நேரமுமில்லை. விடியற்காலையில் ஈரம் மிகுதி. உச்சிவேளையில் அக்ரிலிக் வண்ணம் பிரஷ்ஷிலேயே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். பனி விலகியபின் வெயில் ஏறுமுன் கிடைக்கும் முற்பகலே எனக்கு ஒத்துவந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டும் வேலையையும் தேய்க்கும் வேலையையும் வைத்துக்கொண்டு, பூச்சைத் தை பிறந்தபின் தொடங்கலாம். குறிப்பாக, மங்கல் தரும் மேட் வார்னிஷை ஈரக்காற்றில் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து மாடல் முழுவதும் வெளுத்துப்போகும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் கம்ப்ரசர் தொட்டியில் சேரும் நீரை வேலை முடிந்ததும் வடித்துவிட வேண்டும். குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் கட்டாயம்.

டெக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம், ஒட்டுவதில் நம் ஊர்த் தண்ணீர்தான் சிக்கல். கிணற்றுத் தண்ணீரிலும் ஆழ்துளைத் தண்ணீரிலும் இருக்கும் உப்பு, காய்ந்தபின் டெக்காலைச் சுற்றி வெள்ளைக் கறையாக நிற்கிறது. சுத்திகரித்த குடிநீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்தலாம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்ற விமானப்படை வட்டச்சின்னத்தை வெட்டி நீரில் நனைத்து, துணிமேல் வைத்துக் காத்திருந்தால், தாளின்மேல் அது வழுக்கத் தொடங்கும். அப்போது தாளோடு இறக்கையருகே கொண்டுசென்று, ஈரப் பிரஷ்ஷால் தள்ளி இடத்தில் இறக்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீரை ஒற்றியெடுக்க வேண்டும். அடியில் பளபளப்பான வார்னிஷ் பூசியிருந்தால்தான் அது படிந்து உட்காரும். மங்கலான சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தாற்போல் மின்னும்.

முடித்த மாடலைத் திறந்த அலமாரியில் வைத்தால் உப்பும் தூசியும் சேர்ந்து படியும். அக்ரிலிக் பெட்டி வாங்க இயலாதவர்கள், மூடியுள்ள கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பிசுபிசுப்புத் தெரிந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றியெடுத்தால் போதும். கத்திகளுக்கும் நிப்பருக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுத் துடைத்து வைக்காவிட்டால், அடுத்த கிட் வந்து சேர்வதற்குள் துருப்பிடித்துவிடும்.