ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இலை மட்டும் விடுகிறது, பூவைக் காணோம்

பெரம்பூர்_மாடி:
பூவோடு வாங்கிய செடி. அந்தப் பூ இரண்டு மாதத்துக்கு மேல் வாடாமல் நின்றது, கொட்டிய பிறகு ஒரு வருடமாக இலைதான். கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கிறது, 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கொடுக்கிறேன், ஹால் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால் இன்னொரு உரப் பாக்கெட்டைத்தான் நீட்டுகிறார்கள். என்ன குறை?

வேர்ப்பித்தன்:
உரத்தை விடுங்கள், குறை குளிர்தான். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், 28-க்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தால் இலையாகத்தான் போடும். சென்னையில் அதற்கு டிசம்பர், ஜனவரி இரவுகள்தான் வாய்ப்பு, அந்த நேரம் பார்த்து நாம் செடியை ஜன்னலைச் சாத்திய ஹாலில் வைத்திருப்போம்! மார்கழி பிறந்ததும் பால்கனிக்குக் கொண்டு போய்விடுங்கள். அப்புறம், இலை கரும்பச்சை என்றால் வெளிச்சமும் போதவில்லை. கொஞ்சம் வெளிர்ந்த பச்சைதான் சரியான நிறம்.

தாம்பரம்_அக்கா:
மேலே சொன்னது சரி, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட்தான் தோது. 50 சதவீத நிழல்வலை, கரித்துண்டு, ஓட்டுச்சில், தேங்காய் மட்டை, அவ்வளவுதான், மண்ணே வேண்டாம், மரத்தில் தொற்றி வளர்கிற சாதி. இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று பலர் வெட்டுகிறார்கள், தண்டு பச்சையாக இருக்கும்வரை அதிலிருந்தும் பூ வரும். தண்ணீரையும் பாருங்கள், போர் தண்ணீர் என்றால் கரியின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், வேர்நுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

பெரம்பூர்_மாடி:
நன்றி அக்கா. தினமும் ஊற்றலாமா?

தாம்பரம்_அக்கா:
வேரே சொல்லும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் சாம்பல் வெள்ளை. வெளுத்த பிறகு ஊற்றுங்கள். குருத்தில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஃபலனாப்சிஸ் அங்கிருந்துதான் அழுகும்.

தோப்புக்காரன்:
எங்கள் பக்கத்து மாமரங்களிலேயே ஒரு வாண்டா ஆர்க்கிட் தொற்றிக் கிடக்கும், டெஸ்ஸெலாட்டா என்பார்கள், பழுப்பு மஞ்சளில் கட்டம் போட்ட பூ, நல்ல வாசனை. அதைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள், வேர் பட்டையோடு ஒட்டியிருக்கும், பிய்த்தால் பாதி போய்விடும். வாண்டா வேண்டுமென்றால் நர்சரியில் வளர்த்ததை வாங்கி வெறும் கூடையில் தொங்கவிடுங்கள், வெயில் நாளில் தினமும் தண்ணீர் கேட்கும்.