குரூப் 4: பழைய கைடு வாங்கலாமா, பள்ளிப் புத்தகமே போதுமா?

கேள்வி (குடியாத்தம்):
தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா, அரசு வேலைக்கான தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தோட (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வு எழுதணும்ங்கிறா. இங்க பழைய புத்தகக் கடையில ஒரு பெரிய கைடு பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா? இல்ல ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பள்ளிப் புத்தகமே போதுமா? கணக்குதான் அவளுக்கு உதைக்குது.

பதில் 1:
கைடைப் புரட்டினதும் மாவட்டங்கள் பகுதியைப் பாருங்க. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூர் மாவட்டத்துக்குள்ளயே இருந்தா அது 2019 பிரிவினைக்கு முந்தின அச்சு. அங்கயே வெச்சிட்டு வந்துடுங்க. மாவட்டம் 32னு போட்டிருக்கும், இப்ப 38. அதைவிடப் பெரிய சிக்கல், 2018, 2019-ல பாடநூல்களே மாறிடுச்சு. பழைய கைடுல இருக்கிற செய்யுள், பாட வரிசை எதுவும் இப்போதைய புத்தகத்தோட ஒத்துவராது. புதுப் புத்தகங்களைப் பாடநூல் கழகத் தளத்துல இலவசமாவே இறக்கிக்கலாம்.

பதில் 2:
முதல்ல தமிழைப் பிடிக்கச் சொல்லுங்க. 200 கேள்வியில 100 தமிழ், கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக 150. அதுல 60 மார்க் வரலேன்னா மீதி 100 கேள்வியைத் திருத்தவே மாட்டாங்க. பலரும் செய்யுளை மனப்பாடம் பண்ணிட்டு, பாடத்துக்குப் பின்னாடி வர்ற 'மொழியை ஆள்வோம்', 'கலைச்சொல் அறிவோம்' பகுதிகளைத் தாண்டிடுறாங்க. அதெல்லாம் நேரடியா கேள்வியாகிற பகுதி. ஒரு நோட்டுல இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ்னு கலைச்சொற்களை எழுதி, ஒரு பக்கத்தை மூடிட்டுச் சொல்லிப் பார்க்கணும்.

பதில் 3:
கணக்குக்குப் பயப்பட வேண்டாம்மா, திறனறிவும் சேர்த்தே 25 கேள்விதான். எட்டாவது 'வாழ்வியல் கணிதம்' பாடத்தை உட்கார்ந்து போடட்டும். சூத்திரத்தை மட்டும் உருப்போட்டா கேள்வியைக் கொஞ்சம் திருப்பினாலே தடுமாறும். 8000 ரூபாய், 5 சதவீதம், 2 வருஷம். கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? முதல் வருஷ வட்டி 400. கூட்டு வட்டியில அந்த 400-க்கும் ரெண்டாவது வருஷம் 5 சதவீதம் ஏறும், அதாவது 20. அந்த 20 ரூபாய்தான் விடை. அரையாண்டுக்கு ஒருமுறைன்னு கேட்டா வட்டி வீதத்தைப் பாதியாக்கி, காலத்தை ரெண்டு மடங்காக்கணும். முக்கால்வாசிப் பேர் ஒண்ணை மட்டும் மாத்திட்டு விட்டுடுறாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அறிவியல், வரலாறு எப்படிப் படிக்கிறது?

பதில் 1:
ஒரே தலைப்பை ரெண்டு வகுப்புலயும் சேர்த்துப் படிக்கணும். நம்ம 1806 வேலூர்ப் புரட்சியே எட்டாவதுலயும் வருது, பத்தாவதுலயும் வருது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு, பத்தாவதுல கூடுதலா இருக்கிறதை எட்டாவது புத்தக ஓரத்துல பென்சில்ல குறிச்சிக்கட்டும். அறிவியலுக்கும் அதே வழிதான். ஒரு பாடம் முடிஞ்சதும் தேர்வாணையத் தளத்துல இருக்கிற பழைய வினாத்தாள்ல அந்தத் தலைப்புக் கேள்விகளை மட்டும் போடட்டும். தப்பு விடைக்கு மார்க் கழிக்க மாட்டாங்க. ஆனா ஓஎம்ஆர் தாள்ல (வட்டத்தை நிரப்பி விடை குறிக்கிற தாள்) எதையும் காலியா விடக்கூடாது. விடை தெரியலேன்னா ஆங்கில 'E' வட்டத்தை நிரப்பணும்.