வருகைதரு கவிஞரா ஒரு மாசம் கூப்பிட்டிருக்காங்க, போய் என்ன செய்ய?

குலசேகரத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரப்பர் வெட்டு, அதாவது மரத்துப் பட்டைய கீறி பாலெடுக்கது தான் தொழிலு, சொந்த மரம் ஒரு முந்நூறு நிக்குது. வெடியக்காலம் மூணு மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு எறங்கினா வெட்டி முடிச்சு, பாலெடுத்து, உறைய விட்டு, ஷீட் அடிச்சு வீட்டுக்கு வர மத்தியானம் ஆயிரும், கவிதை எல்லாம் அதுக்க பொறவு தான். ரெண்டு தொகுப்பு வந்திருக்கு. இப்போ வெளி மாவட்டத்துல ஒரு பல்கலைக்கழகம் ஒரு மாசம் வந்து தங்கச் சொல்லி மெயில் அனுப்பிருக்கு, ரூம், சாப்பாடு, மதிப்பூதியம் உண்டாம். நான் படிச்சது பன்னெண்டு வரைக்கும். பிஎச்டி பண்ணுத பிள்ளைகளுக்க முன்னால நின்னு என்னத்த பேச? யாப்பு, அணின்னு எவனாம் கேட்டா மாட்டிக்கிடுவேன். போயிட்டு வாங்கன்னு வீட்டுக்காரி சொல்லுதா, ஒரு மாசம் மரத்த யாரு வெட்டன்னு அது வேற கவலை.

தக்கலை வாத்தியார்:
படிப்ப நெனச்சு பயப்படாதீங்க. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பள்ளிக்கூடத்த பாதியில விட்டவரு, அவர புதுச்சேரி பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியரா கூப்பிட்டு வச்சுது, அவரு பிள்ளைகள கூட்டிட்டு நாட்டுப்புறக் கதை சேகரிச்சாரு. 2022ல பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசியே, பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, தொழில்ல, கலையில 15 வருசம் அனுபவம் இருந்தா போதும், டிகிரி கட்டாயம் இல்ல. உங்களுக்கு வந்தது அது இல்ல, இது ஒரு மாசம் தங்கி இருக்கது தான், ஆனா கதவு தொறந்து தான் கெடக்குன்னு சொல்ல வந்தேன்.

குளச்சல் கடக்கரை:
அண்ணே, நான் ரெண்டு வாரம் இப்படி ஒரு எடத்துக்கு போனவன், பேரு வேண்டாம். மொத நாள் செமினார் ஹால்ல பொன்னாடை, போட்டோ, ஒரு மணி நேரம் பேச்சு. மறுநாள் ஒரு ஈ காக்கா வரல்ல. பொறவு கோலப்போட்டிக்கு நடுவரு, மரம் நடுத விழாவுக்கு விருந்தாளின்னு இழுத்தடிச்சாங்க, கவிதை ஒரு வரி எழுதல்ல. சவம் திரும்பி போயிரலாம்னு இருந்தப்ப ஒரு பிள்ளை கேன்டீன்ல வந்து நோட்ட நீட்டுச்சு, அதுல பூரா நிலாவும் ரோஜாவும் தான். உங்க ஊர்ல காத்துக்கு என்ன பேருன்னு கேட்டேன், முழிச்சுது. எங்க கரையில வாடை, கொண்டல், கச்சான்னு ஒவ்வொரு தெசைக்கும் ஒரு பேரு, எது வீசினா வள்ளம் எறக்கலாம் எதுக்கு எறக்கப்புடாதுன்னு சொன்னேன். அது வீட்டுக்கு போன் போட்டு பாட்டிட்ட கேட்டு மறுநாள் பதினோரு வார்த்தை எழுதிட்டு வந்துச்சு, கூட நாலு பேர வேற கூட்டிட்டு வந்துச்சு. அப்பொறம் தெனமும் சாயங்காலம் கேன்டீன் பெஞ்சு தான் வகுப்பு. யாப்பு சொல்லிக்குடுக்க அங்க ஆளு இருக்கு, ஒட்டுப்பாலு, சிரட்டை, வெட்டுப்பட்டைன்னா என்னன்னு சொல்ல நீங்க மட்டும் தான் இருப்பிய.

ஒண்ணு மறக்கப்புடாது, எல்லாத்தையும் எழுத்துல வாங்கிருங்க. எத்தன கூட்டம், எத்தன மணி நேரம், எழுத எத்தன நாளு, துட்டு எப்போ. எனக்கு எட்டு மாசம் கழிச்சு தான் வந்துச்சு. பான் கார்டு நம்பர் கட்டாயம் குடுங்க, வரி புடிச்சா பான் இல்லாதவங்களுக்கு 20 சதவீதம் போயிரும்.

தோவாளைக்காரி:
கோலப்போட்டி நடுவரு 😂 கவிஞர கூப்பிட்டு வச்சதே எழுத தானே, அத எங்ஙன மறந்தாங்களோ. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட 1921ல மிச்சிகன் பல்கலைக்கழகம் கூப்பிட்டு வச்சுது, சும்மா அங்க இருந்தா போதும்னு. அவரும் கல்லூரி படிப்ப முடிக்காதவரு தான். அங்கயே அயோவா பல்கலைக்கழகத்துல 1967ல இருந்து வருசா வருசம் உலகம் முழுக்க எழுதுதவங்கள வரவழைச்சு தங்க வைக்காங்க. நம்ம ஊர்ல ஆள சும்மா இருக்க விட மாட்டாங்க, ரிப்பன் வெட்டவாது கூப்பிடுவாங்க. அதனால மொத நாளே சொல்லிருங்க, காலையில ரூம் கதவு சாத்தி தான் இருக்கும்னு.

அருமனை ரப்பர்:
கவிதை எனக்கு தெரியாது, மரம் தெரியும். தேதிய அவங்க முடிவு பண்ணணும்னு என்ன நிர்ப்பந்தம்? எல உதிர்ந்து பால் கொறையுத நேரம் எப்படியும் வெட்டு நிறுத்துவோம்லா, அந்த மாசத்த கேளும் ஓய்.

குலசேகரத்துக்காரன்:
அட இது எனக்கு தோணவே இல்ல. வீட்டுக்காரிட்ட சொன்னேன், இத நான் அப்பவே சொன்னேன்னு ஒரே சண்டை. பிப்ரவரி போதும்னு இன்னைக்கு மெயில் போட்டாச்சு, கூட்டம் வாரத்துக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்னும் எழுதிட்டேன். குளச்சல்காரரே, பிள்ளைகளுக்கு காட்ட, சிரட்டையில ஒட்டி உறைஞ்சு கெடக்க ஒட்டுப்பாலு கொஞ்சம் கவர்ல கெட்டி கொண்டு போலாம்னு இருக்கேன், அதுக்க நாத்தத்துக்கு கெஸ்ட் ஹவுஸ்ல உள்ள விடுவாங்களா?