தாத்தா விட்டுப்போன பஞ்ச் கார்டுகள்: உப்புக்காற்றில் காப்பது எப்படி, படிப்பது எப்படி?

மண்டபம் பேரன்:

தாத்தா சென்ற மாசியில் 91 வயதில் காலமானார். 1960களில் சென்னையில் ரயில்வே கணக்குப் பிரிவில் பஞ்ச் ஆபரேட்டராக (கார்டில் துளையிடுபவர்) சேர்ந்தவர். பிறகு ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர் ஆபரேட்டர், கடைசியில் புரோகிராமர். 1991-ல் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். முதலாண்டு நினைவுக்கு 40 பக்கத்தில் ஒரு மலர் போடலாம் என்று வீட்டில் முடிவு.

கையில் இருப்பவை: தகரப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்ட பஞ்ச் கார்டுக் கட்டுகள் (துளை போட்டு அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுத்த அட்டைகள், 600 வரும்), பச்சைக் கோடு போட்ட அகலப் பிரிண்ட் தாள் ஒரு கட்டு, ஒரு பெரிய கம்ப்யூட்டர் டேப் ரீல், பணிப்பதிவேட்டு நகல். வீடு கடலில் இருந்து 300 மீட்டர்தான். கார்டுகள் வளைந்திருக்கு, பெட்டி துருப்பிடித்திருக்கு. நிறைய கார்டுகளின் முதுகில் பேனா எழுத்து: மளிகைச் சிட்டை, அத்தைமாரின் பள்ளிக்கூடச் சம்பளக் கணக்கு, பதினாறாம் வாய்ப்பாடு.

வெயிலில் காயப்போடலாமா, லேமினேட் செய்யலாமா? துளைகளைப் படிக்க இயந்திரம் வேணுமா? "இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர் ஊழியர்களில் ஒருவர்" என்று மலரில் போட்டால் சரியா? மளிகைச் சிட்டைகளைத் தனியாகப் பிரித்துவிட்டு ஆபீஸ் கார்டுகளை மட்டும் காப்பாற்றினால் போதுமா?

காகிதக்காவல்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பிரிக்காதீங்க. கார்டுக் கட்டில் வரிசைதான் சரக்கு. பத்துக் கார்டு இடம் மாறினால் அது புரோகிராமே இல்லை. பெட்டிக்குள் இருக்கிற நிலையிலேயே மேலிருந்து படம் எடுத்துட்டு, கட்டுக்கட்டாக எண் கொடுங்க. எண்ணைத் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிச் செருகணும், கார்டில் எழுதக் கூடாது. கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு தெரியுதா பாருங்க. கீழே கொட்டினால் திரும்ப அடுக்க அந்தக் காலத்து ஆட்கள் போடுகிற கோடு அது. கோடு நடுவில் உடைந்திருந்தால் கார்டு மாறியிருக்கு, அல்லது பின்னால் திருத்திப் புதுக் கார்டு செருகியிருக்கார். அதை நீங்க சரிசெய்ய வேண்டாம்.

ரப்பர் பேண்டு இளகி ஒட்டியிருந்தால் இழுக்காதீங்க, கார்டின் மேல்தோல் சேர்ந்து வரும். மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்புங்க. வராத இடத்தை அப்படியே விட்டுடுங்க. ரப்பர் பேண்டுக்குப் பதில் 19 × 8.5 செ.மீ. அளவில் அட்டை வெட்டி முன்னும் பின்னும் வைத்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்க. குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் எதுவும் நம்ம கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது.

கடலோர வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு, உப்பைத் தட்டாமல் பெட்டியைப் பூட்டுவது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதா உப்பு தண்ணீரை இழுக்கும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கும். உப்புத்தூளோடு மூடினால் டப்பாவுக்குள்ளேயும் கார்டு நனைந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு கார்டையும் இரு பக்கமும் ஒரு அங்குல மென்மயிர் பிரஷால் உலர்வாகத் தட்டுங்க. ஈரத்துணி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீங்க. ஆடிக் கச்சான் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வீட்டுக்குள் வரும், அப்பவும் வேண்டாம். மாசி, பங்குனியில் காலை 11 முதல் 3 மணி வரை, ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யலாம்.

பெட்டி அடியில் துகள் கிடந்தால் பூச்சி அரிப்பு என்று பயப்பட வேண்டாம். 1.4 × 3.2 மி.மீ. அளவில் நறுக்கென்ற விளிம்போடு செவ்வகமாக இருந்தால் அது துளையில் இருந்து விழுந்த துண்டு. பொடியாக, உருண்டையாக இருந்தால்தான் பூச்சி.

வெயில் கூடாது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கார்டு சுருளும், பேனா எழுத்து வெளுக்கும். அந்தப் பேனா எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். வளைவு எடுக்க 25 கார்டு வீதம் மை ஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே 2 கிலோ கனம் ஏற்றி, ஒரு வாரம் தினமும் தாளை மாத்துங்க. லேமினேஷன் சூட்டில் பசை துளைக்குள் இறங்கிடும், பிறகு ஜென்மத்துக்கும் பிரிக்க முடியாது.

கார்டின் தடிமன் 0.178 மி.மீ. 600 கார்டு அடுக்கினால் 11 செ.மீ. தான் வரும். ரப்பர் வளையம் உள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லை மல் துணியில் முடிந்து, கார்டில் படாமல் ஓரத்தில் வைங்க. கூடவே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதம் காட்டணும். 30-க்குக் கீழே போனால் கார்டு முறுகி உடையும், ஜெல்லில் பாதியை எடுத்துடுங்க. நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது, ஆரஞ்சு வாங்குங்க. பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் டேப்பையும் இளக்கும். வசம்பு வைக்கிற பழக்கம் இருந்தால் டப்பாவுக்கு வெளியே வைங்க, உள்ளே வைத்தால் கறை.

தொண்டிக்காரர்:

எங்க பக்கத்தில் பத்திரம் வைக்கிற அலமாரிக்குள் 15 வாட் பல்பு எரியவிடுவது வழக்கம். ஜெல்லைவிடச் சுலபம் இல்லையா?

காகிதக்காவல்:

பல்பு ஈரத்தை எடுக்காது, காற்றைச் சூடாக்கி ஈரப்பத விகிதத்தை மட்டும் குறைக்கும். கரண்ட் போன அரைமணியில் பழையபடி ஏறிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் கார்டை வளைக்குது. காகிதம் நிறைந்த அலமாரிக்குள் சூடான பல்பு என்பதும் எனக்கு ஒப்பாது.

எண்பதுபத்தி:

படிக்க இயந்திரம் வேண்டாம். வீட்டு ஸ்கேனர் போதும்.

கார்டு 7⅜ × 3¼ அங்குலம். ஏ4 ஸ்கேனரில் ஒரு முறைக்கு மூன்று வைக்கலாம், 600 கார்டுக்கு ஒரு பக்கம் 200 ஸ்கேன். மேலே கறுப்பு அட்டை போட்டு மூடுங்க, துளை கறுப்பாகத் தெரியும். வெள்ளை மூடியோடு எடுத்தால் துளையும் கார்டும் ஒன்றாகக் கலந்து அத்தனையும் வீண். 300 டிபிஐ, கலர், டிஃப் வடிவம். முதுகையும் கட்டாயம் எடுங்க. கோப்புப் பெயரில் கட்டு எண், கார்டு எண், முன் அல்லது பின்.

கார்டில் 80 பத்தி (மேலிருந்து கீழாக), 12 வரிசை (இடமிருந்து வலமாக). மேலிருந்து 12, 11, 0, பிறகு 1 முதல் 9 வரை. இதில் 12-ம் 11-ம் இருக்கிற மேல் இடம் அச்சில் வெறுமையாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு 0-வை முதல் வரிசை என்று எண்ணுவதுதான் புதியவர்கள் செய்கிற பிழை. 0 முதல் 9 வரையில் ஒற்றைத் துளை என்றால் அந்த எண். 12-ம் ஒரு எண்ணும் சேர்ந்தால் ஏ முதல் ஐ வரை. 11-ம் ஒரு எண்ணும் சேர்ந்தால் ஜே முதல் ஆர் வரை. 0-வும் 2 முதல் 9 வரையும் சேர்ந்தால் எஸ் முதல் இசட் வரை. 11-9, 12-5, 12-1, 12-4 என்று நாலு பத்தி வந்தால் ஆர், இ, ஏ, டி. "ரீட்" என்ற கட்டளை.

சின்ன நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். முதல் பத்தியின் நடு, இடது விளிம்பில் இருந்து 0.251 அங்குலம். அடுத்தடுத்த பத்திக்கு 0.087 அங்குலம். வரிசைகள் மேலிருந்து கால் அங்குலத்துக்கு ஒன்று. 300 டிபிஐயில் பத்திக்கு 26 புள்ளி, வரிசைக்கு 75 புள்ளி. அந்தந்த இடம் கறுப்பா என்று பார்த்தால் முடிந்தது. ஈரத்தில் ஊதிய கார்டில் கடைசிப் பத்திகள் தள்ளிப்போகும், அதனால் இரு விளிம்பையும் கண்டுபிடித்து நடுவை 80-ஆகப் பங்கிடுங்க.

எந்த நிரல்மொழி என்பதைப் பத்திகளே சொல்லிடும். ஃபோர்ட்ரான் என்றால் 1 முதல் 5 வரை எண், 7 முதல் 72 வரை கட்டளை, முதல் பத்தியில் சி இருந்தால் அது குறிப்பு. 1401-ன் ஆட்டோகோடர் என்றால் 6-ல் பெயர், 16-ல் செயல், 21-ல் இருந்து மீதி. கோபால் (COBOL) என்றால் 7-ம் பத்தியில் குறி, 8-ல் அல்லது 12-ல் தொடக்கம். ஃபோர்ட்ரானில் 73 முதல் 80 வரையும், ஆட்டோகோடரில் முதல் ஐந்து பத்தியிலும், கோபாலில் முதல் ஆறு பத்தியிலும் வரிசை எண் இருந்தால் உங்கள் கட்டின் வரிசை சரியா என்பதையும் அதிலேயே பார்த்துக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில கட்டுகள் புரோகிராமாக இல்லாமல் சம்பளப் பட்டியல் தரவாக இருக்கலாம். அதில் மற்றவர்களின் பெயரும் பிடித்தமும் இருக்கும். அந்த முன்பக்கங்களை மலரிலும் இணையத்திலும் போடாதீங்க.

பாம்பன் மேற்கு:

மலர் பற்றி. "முதல்" என்ற சொல்லை விட்டுடுங்க. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு எச்ஈசி-2எம் கம்ப்யூட்டர் வந்தது 1950களின் நடுவில். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக் 1960. ஐஐடி கான்பூரின் ஐபிஎம் 1620, 1963. 1401-ஐ ஐபிஎம் அறிவித்ததே 1959 அக்டோபரில்தான். பணிப்பதிவேட்டில் இருக்கிறபடி ஆண்டு, பதவி, இயந்திரம் மூன்றையும் போட்டாலே அவர் எங்கே நின்றார் என்பது விளங்கும். வெறும் "கம்ப்யூட்டரில் வேலை" என்று எழுதினால் பேரப்பிள்ளைகள் இவரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று நினைச்சுக்குவாங்க. 1401-ல் திரையே கிடையாது.

அந்த வேலையின் அளவைச் சொல்லுங்க. 1401-ன் நினைவகம் 1,400-ல் தொடங்கி அதிகபட்சம் 16,000 எழுத்து. 4,000 எழுத்து உள்ள இயந்திரம் என்றால் 50 கார்டு கொள்ளும் இடம். ஒருவர் துளையிட்ட கார்டை வெரிஃபையர் என்ற சரிபார்க்கும் இயந்திரத்தில் இன்னொருவர் அதே மூலத்தைப் பார்த்து மறுபடி தட்டுவார். ஒத்துப்போனால் வலது விளிம்பில் சின்ன வெட்டு விழும். பிழை என்றால் அந்தப் பத்திக்கு நேர் மேலே விழும். உங்க கார்டுகளில் வெட்டு இருக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் படம் போடுங்க. பிறகு பிரிப்பு: 83 வகை சார்ட்டர் நிமிஷத்துக்கு 1,000 கார்டு, ஆனால் ஒரு ஓட்டத்துக்கு ஒரு பத்திதான். 6 இலக்கப் பணியாளர் எண்ணுக்கு வலக்கோடியில் தொடங்கி ஆறு ஓட்டம். 10,000 கார்டுக்கு ஓட்டம் மட்டுமே ஒரு மணி நேரம், தூக்கி அடுக்குவது தனி. ஈரத்தில் ஊதிய கார்டு சிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கட்டை விசிறித் தட்டணும்.

முதுகில் தேதி இல்லாத சிட்டைகளைக் காலவரிசைப்படுத்த, அத்தைமார் எந்த வகுப்பு என்பதே நல்ல அடையாளம். ஊருக்குப் போன செலவு எழுதியிருந்தால் அதையும் பாருங்க. 1964 டிசம்பர் புயலில் சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தாங்க, பாலம் சரியாகும் வரை ராமேசுவரம் தீவுக்கு ரயில் கிடையாது.

நான் செய்தால் இடப்பக்கம் கார்டின் முன்புறம், வலப்பக்கம் அதே கார்டின் முதுகு என்று நேருக்கு நேராக அச்சடிப்பேன். ஒரே அட்டையில் ஆபீஸ் சம்பளக் கணக்கும் வீட்டுப் பருப்புக் கணக்கும் இருக்கும்போது, "பாசமிகு குடும்பத்தலைவர்" என்று தனியாக ஒரு பத்தி எதற்கு?

மண்டபம் பேரன்:

நன்றி. 12 கார்டு ஸ்கேன் செய்து பார்த்தேன். ஒரு கட்டில் அடைப்புக்குறி வரவேண்டிய இடத்தில் எல்லாம் சதவீதக் குறியும் சாய்சதுரமும் மேல் விளிம்பில் அச்சாகியிருக்கு. கார்டு கெட்டுப்போச்சா? டேப் ரீலை என்ன செய்வது?

எண்பதுபத்தி:

கெடவில்லை. அது 26 வகை கீ-பஞ்சின் (கார்டில் துளையிடும் இயந்திரம்) வணிக எழுத்து. அதே 0-8-4 துளை ஃபோர்ட்ரான் விசைப்பலகையில் திறக்கும் அடைப்புக்குறி, வணிகப் பலகையில் சதவீதம். 12-8-4 மூடும் அடைப்புக்குறி, வணிகத்தில் சாய்சதுரம். 8-3 வந்தால் ஃபோர்ட்ரானில் சமக்குறி. 1964-ல் வந்த 29 வகையில் இதெல்லாம் மாறி, திறப்பது 12-8-5, மூடுவது 11-8-5 ஆச்சு. கட்டுக்குக் கட்டு எந்த வகை என்று குறித்துக்கொண்டு அந்த அட்டவணையை வைத்துப் படிங்க. இரண்டும் ஒரே கட்டில் கலந்திருந்தால் புது இயந்திரம் வந்த பிறகு திருத்திய கார்டுகள் அவை.

ரீல் 10½ அங்குலம் என்றால் முழு நீளம் 2,400 அடி, அகலம் அரை அங்குலம். 1401 காலத்தது என்றால் 7 தடம் (தரவு பதியும் இணைக்கோடு), 1964-க்குப் பிந்தைய இயந்திரங்களில் 9 தடம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் சுற்றிப் பார்க்காதீங்க, ஈரம் இழுத்த பசை ஒட்டிக்கொண்டு காந்தப்பூச்சு உரிந்து வரும். முகர்ந்து பாருங்க, புளித்த காடி வாடை வந்தால் அது சிதைகிற அசிட்டேட் டேப், உடனே கார்டுகளை விட்டுத் தள்ளி வைங்க. பின்பக்கப் பள்ளத்தில் பிளாஸ்டிக் வளையம் இருந்தால் கழற்றிடுங்க, வளையம் இல்லாத ரீலில் டேப் டிரைவ் எழுதாது. லேபிளை இரு கோணத்தில் படம் எடுத்துட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. படுக்க வைத்தால் விளிம்பு நசுங்கும்.

பிரிண்ட் தாளை ஸ்கேனரில் திணிக்க வேண்டாம், 14⅞ அங்குல அகலம் உள்ளே போகாது. மடிப்பு வரிசை கலையாமல் தரையில் விரித்து, மேலே இருந்து செல்போனில் பக்கம் பக்கமாக எடுங்க. ஓரத் துளைப்பட்டையைக் கிழிக்காதீங்க.