உறைமழையா, உறைபனி மழையா? இளவேனில் முன்னறிவிப்புக்கு ஒரு சொல் தேவை

ச. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

ஒன்டாரியோ ஏரிக்கரையில் வாழும் தமிழ் முதியோருக்கான செய்திமடல் ஒன்றுக்கு இளவேனில் வானிலை முன்னறிவிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே சொல்லில் முட்டி நிற்கிறேன்: ஃப்ரீசிங் ரெயின்.

நிகழ்வு இதுதான். மேகத்திலிருந்து பனியாகக் கிளம்புவது, நடுவில் சுழியத்துக்கு மேலான வெப்பக் காற்றடுக்கில் உருகி மழைத்துளி ஆகிறது. தரையை ஒட்டிச் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த மெல்லிய அடுக்கு ஒன்று. அதைக் கடக்கும்போது துளிக்கு உறைய அவகாசம் இல்லை. நீராகவே வந்து, மரக்கிளை, மின்கம்பி, வாசற்படி என்று எதைத் தொடுகிறதோ அதன்மேல் உறைந்து படலமாகிறது. அந்தக் குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து சிறு மணிகளாக விழும். அது வேறு, கனடாவில் அதை ஐஸ் பெல்லட்ஸ் என்கிறார்கள்.

இது நடுக்குளிர்காலத்துச் சங்கதி மட்டும் அல்ல. 2018இல் ஏப்ரல் நடுவில் தெற்கு ஒன்டாரியோவிலும், 2025இல் மார்ச் இறுதியில் மத்திய ஒன்டாரியோவிலும் பெரிய அளவில் வந்தது. எனவே சொல்லைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

கையில் இருப்பவை: உறைமழை, உறைபனி மழை, பனிக்கட்டி மழை. கடைசியை ஆலங்கட்டி என்று படித்துவிடுவார்கள். எதை வைக்கலாம்?

வ. எழுதியது:

அன்பின் ச. அவர்களுக்கு,

உறைமழை வினைத்தொகை. ஊறுகாய்க்குச் சொல்வதுபோலவே இதற்கும் முக்காலமும் உண்டு: உறைந்த மழை, உறைகின்ற மழை, உறையும் மழை. நீங்கள் விவரித்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே காலம்தான். உறைந்த மழை என்றால் அந்த மணிகள். உறையும் மழை என்றால் உங்கள் படலம். காலத்தை மறைப்பதற்கென்றே இலக்கணம் வகுத்த ஒரு தொகையைக் காலம் தெரியவேண்டிய இடத்தில் போட்டால் எப்படி?

'தொட்டுறைமழை' என்று சொல்லுங்கள். தொட்ட பிறகு உறைவது. நிகழ்வு முழுவதும் சொல்லுக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பழந்தமிழில் 'உறை' என்றாலே மழைத்துளி. உறைத்தல் என்றால் துளிகளாகச் சொரிதல். உறைதல் என்றால் இறுகுதல், தங்குதல். சொரிவது, தங்குவது, இறுகுவது ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். வானிலிருந்து விழுந்தது ஓரிடத்தில் தங்குகிறது; தங்கியது இறுகுகிறது. பாலுக்கு ஊற்றும் உறையும் உறையூரும் இந்த வரிசையில்தான் வரவேண்டும். அகராதிகள் தனித்தனியாகப் பிரித்துவைத்திருப்பது அவற்றின் சோம்பல். இதன்படி பார்த்தால் 'உறைமழை' என்பது 'மழைமழை' என்று சொல்வதுபோல ஆகிவிடுகிறது. இதைப் பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

ம. எழுதியது:

வ. ஐயா, தனி மடலுக்கு அவசரம் இல்லை.

வார இறுதித் தமிழ் வகுப்பில் 'தொட்டுறைமழை'யைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சிறுமி கையுறை, காலுறை வரிசையில் வைத்து, "மழைக்குப் போட்டுக்கொள்ளும் உறையா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பழகிய உறை அதுதான்.

எச்சரிக்கை என்பது படித்தவுடன் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள வைக்கவேண்டும். 'உறைபனி மழை' என்றால் எழுபது வயதுப் பாட்டிக்கும் புரியும். பனி இருக்கிறது, மழை இருக்கிறது, உறைகிறது. வாசலில் இறங்கக்கூடாது என்று அவர் முடிவு செய்துவிடுவார். வினைத்தொகையா, இருபெயரொட்டா என்று படியில் நின்று யோசிக்கமாட்டார்.

செ. எழுதியது:

ம. அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் உறைபனி மழையை நான் ஏற்கமாட்டேன். உறைபனி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்து இளவேனில் முன்னறிவிப்பில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். நயாகரா பகுதியில் பீச் மரங்கள் பூக்கும் காலத்தில் உறைபனி எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த உறைபனி மேகமில்லாத, காற்றில்லாத இரவில் வருவது. தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுவதால் வருவது. ச. சொல்லும் மழைக்கோ மேகம் வேண்டும், மேலே வெப்பக் காற்றும் வேண்டும். இரண்டின் வானமும் நேர் எதிர். இரண்டுக்கும் ஒரே பெயரின் பாதியைக் கொடுத்தால் தோட்டக்காரர் எதைப் படித்து எதைச் செய்வார்?

ஏரியின் பங்கையும் மடலில் எழுதுங்கள். அதில்தான் சுவையே இருக்கிறது. ஏப்ரலில் ஏரி நீர் ஏறத்தாழ 4 டிகிரியில் கிடக்கும். நீர் மிகவும் அடர்ந்திருக்கும் வெப்பநிலை அது. நிலம் சட்டென்று சூடாகும், ஏரி அசையாது. பகலில் ஏரியிலிருந்து கரைக்குக் குளிர்காற்று வீசும். உள்ளே சில கிலோமீட்டர் போனால் சட்டையோடு நடக்கலாம், கரையில் மேலங்கி வேண்டும். இந்தக் குளிர்தான் பழமரங்களின் பூப்பைத் தள்ளிப்போட்டுக் கடைசி உறைபனியிலிருந்து காக்கிறது. அதே ஏரி, உறையாத நீர் சுழியத்துக்கு மேலே இருப்பதால், கரையோரத்தில் சில வேளைகளில் வெறும் மழையாகவும் விட்டுவிடும். சற்று உள்ளே அதே மழை கிளையை ஒடிக்கும். ஒன்டாரியோ ஏரி ஆழமானது, முழுக்க உறைவது அரிது. ஈரி ஏரி ஆழம் குறைந்தது, எளிதில் உறைந்துவிடும். எனவே எந்த ஏரிக்கரை என்பதையும் சொல்லவேண்டும்.

என் வாக்கு உறைமழைக்கு.

நா. எழுதியது:

எல்லோரும் மழையைப் பிடித்துக்கொண்டு 'இளவேனில்' என்பதைக் கேள்வியே இல்லாமல் விட்டுவிட்டீர்களே! வானிலையாளர் கணக்கில் அந்தப் பருவம் மார்ச் 1 தொடங்கி மே 31 வரை. நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். மார்ச் முதல் நாள் மாசியில் விழுகிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம்! ஏப்ரல் நடுப்பகுதிவரை பனி பெய்கிறதே என்று அந்த ஊரார் ஆண்டுதோறும் அலுத்துக்கொள்கிறார்கள். பின்பனி என்று சொல்லியிருந்தால் அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெரும்பொழுதை வகுத்தவர்கள் அந்த ஏரியைப் பார்த்ததில்லை, ஆனாலும் பொருந்துகிறது.

பனி என்பது நம் ஊரில் வெறும் பனித்துளிதான் என்பவர்களுக்கு: புறநானூற்று ஆறாம் பாட்டில் 'பனிபடு நெடுவரை' இமயம்தான்.

'வசந்தம்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

ம. எழுதியது:

வசந்தம் என்றால் என்ன குறை? பிள்ளைகளுக்கு வசந்தம் தெரியும், பின்பனி தெரியாது.

போகட்டும், செ. 'டிகிரி' என்று எழுதியிருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? செய்திமடலின் வாசகர்களில் பெரும்பாலோர் இலங்கையர். அவர்களுக்குப் பாகை.

செ. எழுதியது:

பாகை என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வடிவியல் பாடம் என்று நினைப்பார்கள். வானிலை, காலநிலை சண்டையையும் இப்போதே தொடங்கிவிடலாமா?

மட்டுறுத்துநர்:

வேண்டாம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

க. எழுதியது:

மொண்ட்ரியலிலிருந்து ஒரு குறுக்கீடு. 1998 ஜனவரியில் இங்கே நாள்கணக்கில் இந்த மழை பெய்து மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் படலத்தை 'வெர்கிளா' என்கிறார்கள். கண்ணாடியும் பனிக்கட்டியும் சேர்ந்த பழைய சொல். அவர்கள் மழைக்குப் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை, அது விட்டுச்செல்வதற்கும் பெயர் வைத்தார்கள். ஆபத்து அங்கேதானே இருக்கிறது? நாமும் படலத்தைப் 'பளிங்குப்பனி' என்று சொல்லி, மழையைப் 'பளிங்குமழை' என்றால் என்ன?

ம. எழுதியது:

பளிங்குமழை என்று அறிவித்தால் எல்லோரும் படம் எடுக்க வெளியே ஓடுவார்கள். கவிதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ச. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.

உறைமழை என்றே போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'தொட்ட இடத்தில் உறையும் மழை' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். வ. ஐயா கேட்ட காலம் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. வழியிலேயே உறைந்து விழுவதைப் பனிமணி என்று பிரித்துவிட்டேன். உறைபனியைத் தோட்டப் பத்திக்கு விட்டுவிட்டேன். பருவம் இளவேனில்தான், நா. சொன்ன பின்பனி பெட்டிச் செய்தியாகப் போகிறது. டிகிரியும் இல்லை, பாகையும் இல்லை; எண்ணுக்குப் பக்கத்தில் சிறு வட்டம் போட்டுவிட்டேன்.

வ. எழுதியது:

அன்பின் ச.,

பெரும்பான்மை உறைமழை பக்கம் என்பது தெரிகிறது. பெரும்பான்மை வேர்ச்சொல்லை மாற்றிவிடாது. ஒரு சொல்லுக்குள் அடங்கியதை நீங்கள் நான்கு சொல்லால் விளக்கவேண்டி வந்ததையும் பதிவு செய்துகொள்கிறேன். என் சொல்பட்டியலில் தொட்டுறைமழை அப்படியே இருக்கும்.

அது போகட்டும். இந்த மழை விட்ட மறுநாள் காலை, தார்ச்சாலையின் மேல் கண்ணுக்கே தெரியாமல் கிடந்து கார்களைச் சறுக்கிவிடும் படலத்துக்கு என்ன எழுதினீர்கள்? 'கரும்பனி' என்று போட்டிருந்தால் அச்சகத்துக்கு உடனே தொலைபேசுங்கள். அது கருப்பாக இருப்பதில்லை. தெளிவாக இருப்பதால்தான் அடியில் உள்ள தார் தெரிகிறது.